காத்துக்கும் கருத்து கேக்குறாங்களாம், எழுதலாமா அக்கா?

இந்த தடவ வந்த கடிதம், வாட்ஸப் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல புகையப் பத்திதான், அதனால சமையல் கேள்வி, கல்யாணக் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்க பிரதேச சபையில ஊர் காத்த சுத்தமாக்க ஒரு திட்டம் போட்டிருக்காங்களாம். குப்பை எரிக்கிறது, பஸ் ஸ்டேண்ட் புகை, பெக்டரி புகை இதெல்லாம் கொறைக்கிறதுக்காம். பொதுமக்கள் இந்த மாசக் கடைசிக்குள்ள கருத்து சொல்லலாம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) எல்லாரும் "நாம எழுதி என்ன ஆகப்போகுது, எல்லாம் முடிவு பண்ணிட்டுதான் கேப்பாங்க"ன்னு சிரிக்கிறாங்க. எழுதலாமா? என்னன்னு எழுதுறது?
- பேரும் ஊரும் போட வேணாம்னு கேட்ட வாசகி

பதில்: எழுதுங்க தங்கச்சி. சிரிக்கிறவங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு. முடிவு பண்ணிட்டு கேக்குற மீட்டிங் நானும் நெறைய பாத்திருக்கேன், டீயும் பனிசும் கொடுத்து, வந்தவங்க கையெழுத்த வாங்கிட்டு, அந்த கையெழுத்தையே "மக்கள் சம்மதிச்சாங்க"ன்னு காட்டுன கதையும் தெரியும். ஆனா எழுதாம விட்டா பைல்ல நம்ம பக்கம் வெறும் தாளா இருக்கும், நாளைக்கு போய் கேட்டா "கருத்து கேட்டோமே, தோட்டத்துலருந்து ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே"ன்னு ஒரே வரில நம்மள அனுப்பிருவாங்க.

என்ன எழுதுறதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. "காத்து ரொம்ப கெட்டுப்போச்சு, தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்"னு நூறு பேரு எழுதினாலும் ஒபிஸ்ல இருக்கவருக்கு அது ஒரு கடிதம்தான். போன வருசம் மேல் கணக்கு (மேல் டிவிசன்) லயத்துல இருக்க ஒரு அம்மா ஒரு 80 பக்க கொப்பிய எடுத்துட்டு வந்து காட்டுனாங்க, மகன் விட்டுட்டுப் போன கணக்குக் கொப்பி, பின்பக்கத்துல பென்சில்ல எழுதியிருந்தாங்க. ஒரு பக்கத்துல இப்படி இருந்துச்சு: "திங்க, விடிய 5.40, குப்ப மேட்டுல புகை, பொலித்தீன் நாத்தம், தொங்கல் காம்பரா வரைக்கும் வந்துச்சு, 7.15க்கு வெயில் வந்தொன்ன மேல போயிருச்சு, சின்னவன் இருமல்." அவ்வளவுதான், தொங்கல் காம்பரான்னா லயத்தோட கடைசி அறை. இது மாதிரி மூணு வாரம், பக்கத்துல எண்ணெய்க் கறை வேற. நான் அத உக்காந்து படிச்சு பாத்தப்பதான் ஒண்ணு புரிஞ்சுச்சு, திங்கக்கெழமயும் வியாழக்கெழமயும்தான் புகை கூட, ஏன்னா ஞாயித்துக்கெழமயும் புதன்கெழமயும் டவுன்ல சந்தை, மறுநாள் அந்த குப்பையத்தான் கொளுத்துறாங்க! இத எந்த மெஷினும் சொல்லாது, எந்த ஒபிஸருக்கும் தெரியாது, தொங்கல் காம்பராவுல இருக்கவங்களுக்குத்தான் தெரியும். அப்ப கேக்க வேண்டியது "நடவடிக்கை" இல்ல, சந்தை முடியிற அன்னைக்கு சாயங்காலமே ஒரு ட்ரெக்டர அனுப்பி குப்பைய அள்ளுங்க, மரக்கறிக் கழிவ பொலித்தீனோட சேக்காம தனியா எடுங்கன்னு கேக்கணும். இத மறுத்து எழுத யாருக்கும் லேசுல வராது.

அதனால இன்னைக்கே ஒரு கொப்பிய எடுத்து தேதி, நேரம், எந்த பக்கமிருந்து வருது, என்ன நாத்தம், எவ்வளவு நேரம் நின்னுச்சு, வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு, இதுமட்டும் போடுங்க. ரெண்டு வாரம் போதும். கடைசில உங்க கருத்த ரெண்டு பிரதியா எழுதி, ஒண்ண கொடுத்துட்டு மத்ததுல தேதி போட்ட சீல் குத்தி வாங்கிட்டு வாங்க, "அதெல்லாம் தேவையில்ல, வச்சிட்டு போங்க"ன்னு சொன்னா சிரிச்சிட்டே நில்லுங்க, குத்திருவாங்க. தபால்னா பதிவுத் தபால்.

இன்னொண்ணு, மீட்டிங் வார நாள்ல காலைல 10 மணிக்குன்னு வச்சா நம்ம ஆளுங்க எப்படி வருவாங்க? கொழுந்துக்கு போகாட்டி பேரு, அதாவது அன்னைக்கு கூலி, விழாது, அரைப் பேருக்கு யாரும் காத்தப் பத்தி பேச வரமாட்டாங்க. ஞாயித்துக்கெழம பின்னேரம் கோயில் மண்டபத்துலயோ பள்ளிக்கூடத்துலயோ ஒரு மீட்டிங் வைங்கன்னு கடிதத்துல மொத வரியா எழுதுங்க. வரமுடியாத நேரத்துல வச்சிட்டு வரலன்னு சொல்றது பழைய கதை.

கேள்வி: எங்க அப்பா பெக்டரிலதான் வேல செய்றாரு. புகையப் பத்தி எழுதுனா பெக்டரிய மூடிருவாங்கன்னு பயமா இருக்கு. எழுதாம இருந்தா தங்கச்சிக்கு வீசிங். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகர், பொகவந்தலாவ

பதில்: தம்பி, எங்க அப்பாவும் ஸ்டோர்ல, அதாவது தேயிலை பெக்டரில, ட்ரையருக்கு நெருப்பு போட்ட ஆளுதான், அதனால இத கொஞ்சம் நீட்டியே சொல்றேன். தேயிலைய வாட்டவும் காயவைக்கவும் சூடு வேணும், நம்ம பக்கம் அந்த சூடு பெரும்பாலும் விறகுலருந்துதான் வருது. சின்னப் பிள்ளையில நான் சாப்பாடு கொண்டு போவேன், அப்பா விறகக் கையில தூக்கிப் பாத்தே சொல்லுவாரு, இது காஞ்சது, இது பச்சைன்னு. பச்ச விறகு போட்டா சிம்னிலருந்து வெள்ளையா, திக்கா, பஞ்சு மாதிரி வரும், சூடு ஏறாது, இன்னும் விறகு தள்ளணும், அப்ப இன்னும் புகை. காஞ்ச விறகுன்னா சிம்னி வாயில ஒரு நடுக்கம்தான் தெரியும், புகை அவ்வளவா தெரியாது. விறகுல இருக்க தண்ணிய ஆவியாக்கவே சூட்டுல ஒரு பங்கு போயிரும், அதனால முழுசா எரியாம கரியும் தாருமா வெளிய வருது, அதுதான் உங்க தங்கச்சி மூச்சுல போறது.

அப்ப உங்க கடிதத்துல மூடச் சொல்லவே வேணாம். விறகுக்கு கூரை போட்ட ஷெட் வேணும், மழையில நனையிற மாதிரி ரோட்டோரம் குவிக்கக் கூடாது, வெட்டி கொஞ்ச மாசம் காயவிட்டுத்தான் அடுப்புக்கு போகணும், சிம்னிய ஒழுங்கா துப்புரவு பண்ணணும், பள்ளிக்கூடம் தொடங்குற நேரத்துல அடுப்புச் சாம்பலக் கிளறக் கூடாது, இப்படி எழுதுங்க. காஞ்ச விறகுன்னா பெக்டரிக்கும் விறகுச் செலவு கொறையும், நெருப்பு போடுற ஆளுக்கும் கண்ணு எரியாது. தேயிலை பெக்டரி நடத்த சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்கணும், அத புதுப்பிச்சுட்டே இருக்கணும், அதுல என்ன நிபந்தனை போட்டிருக்குன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. அப்பா பேர போடாதீங்க, லயத்துல நாலஞ்சு பேரு சேந்து ஒரே கடிதமா கொடுங்க.

கேள்வி: விடியக்கால புகை அப்படியே பள்ளத்துல நிக்குது, பத்து மணிக்கு காணாமப் போகுது. மலை ஊருல காத்து சுத்தமா இருக்கும்னுதானே சொல்றாங்க?
- ஒரு ஆசிரியை, தலவாக்கலை

பதில்: டீச்சர், டூரிஸ்ட் போஸ்டருக்கு மலைன்னா சுத்தக் காத்துதான். ராத்திரி வானம் தெளிவா இருந்தா தரை சீக்கிரம் குளுந்துரும், குளுந்த காத்து கனம், அது தண்ணி மாதிரி சரிவுல எறங்கி பள்ளத்துல தேங்கிரும், அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து மூடி மாதிரி உக்காந்துக்கும். அடியில விடுற அடுப்புப் புகை, குப்பைப் புகை, சிடிபி (அரசாங்க) பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்க புகை எல்லாம் அந்த மூடிக்கு கீழ அடைபட்டு கெடக்கும். வெயில் தரைய சூடாக்குனாத்தான் மூடி ஒடையும். கண்டியில புகை தேங்குறதுக்கும் இதுதான் காரணம், சுத்தி மலை, நடுவுல ஊரு. அதனால ஜனவரி, பெப்ரவரி, மார்ச் காலைதான் மோசம், தென்மேல் பருவ மழை கொட்டுறப்ப கழுவி விட்ட மாதிரி இருக்கும். இத ஏன் சொல்றேன்னா அடுத்த கேள்வி இதோட சம்பந்தப்பட்டது.

கேள்வி: திட்டத்துல "பிஎம் 2.5 அளவு தேசிய தரத்துக்குள் உள்ளது"ன்னு போட்டிருக்கு அக்கா. அப்ப பிரச்சினை இல்லதானே? நான் ஏ எல் பயோ படிக்கிறேன்.
- ஒரு மாணவி, பண்டாரவளை

பதில்: பயோ படிக்கிற பிள்ளைக்கு சந்தேகம் வரணும், வந்திருக்கு, சந்தோசம். பிஎம் 2.5ன்னா 2.5 மைக்ரோமீட்டருக்கு உள்ள இருக்க தூள், தலைமுடி தடிப்புல இருபதுல ஒரு பங்குக்கும் கீழ, மூக்கு முடிக்கு சிக்காம நுரையீரல் அடி வரைக்கும் போயி ரத்தத்துக்கே எறங்கும். நம்ம நாட்டு 2008ஆம் வருச வர்த்தமானிப்படி வருச சராசரி ஒரு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம், 24 மணித்தியாலத்துக்கு 50. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு வருசத்துக்கு 5, 24 மணித்தியாலத்துக்கு 15. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு பெரிய எடம் இருக்குன்னு பாருங்க, 24 வந்தாலும் "தரத்துக்குள்"தான்!

நீங்க எழுதி கேக்க வேண்டியது: எங்க வச்சு அளந்தீங்க, எந்த மாசம், எத்தன நாள்? மேட்டுல இருக்க ஒபிஸ் மாடியில மழை மாசத்துல ஒரு வாரம் அளந்தா காத்து தங்கமா இருக்கும். பள்ளத்துல, பெப்ரவரில, விடியக்கால 5லருந்து 8 வரைக்கும் என்ன இருக்குன்னு கேளுங்க. சராசரி போட்டா அந்த மூணு மணி நேரம் கரைஞ்சு போயிரும், ஆனா உங்க பக்கம் பிள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்கிறதே அந்த மூணு மணி நேரந்தான்.

கேள்வி: எங்க அண்ணன் லண்டன்ல. அங்க கவுன்சில் ரோட்டுல கார் ஓட்டுறதுக்கு கூட மக்கள்கிட்ட கருத்து கேக்குறாங்களாம். அங்க கேட்டா நடக்குமாமே, இங்க மட்டும் ஏன் இப்படி?
- ஒரு வாசகர், பதுளை

பதில்: அண்ணன் சொல்றது சரிதான், ஆனா முழுக்கதை இல்ல. பிரித்தானியாவுல 1995ஆம் வருச சுற்றாடல் சட்டப்படி ஒவ்வொரு உள்ளூர் சபையும் தன்னோட எல்லைக்குள்ள காத்த அளந்து, கெட்டுப்போன எடத்த வரைபடத்துல குறிச்சு அறிவிச்சு, அதுக்கு ஒரு திட்டம் போட்டு, அத மக்கள்கிட்ட காட்டி கருத்து கேக்கணும். அதுவரைக்கும் நல்லது. ஆனா 2022ல லண்டன் மேயர் சாதிக் கான் புகை கூட விடுற பழைய வாகனத்துக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண் கட்டணம்ங்கறத லண்டன் முழுக்க விரிவாக்கலாமான்னு கேட்டப்ப, பதில் சொன்னவங்கள்ல பாதிக்கு மேல வேணாம்னுதான் சொன்னாங்க. அப்படியும் 2023 ஓகஸ்ட் 29ல அமுலுக்கு வந்துச்சு. ஏன்னா கருத்து கேக்குறது ஓட்டெடுப்பு இல்ல. பழைய வண்டிய விட்டுட்டு மாத்துறவங்களுக்கு உதவிப் பணம் மட்டும் கூட்டிக் கொடுத்தாங்க. தலைய எண்ணி நடக்குற வேல இல்ல இது, நீங்க சொல்ற காரணம் திட்டத்துல எந்த வரிய மாத்துதுங்கறதுதான் கணக்கு.

அங்கயும் ஒரு தாய் வருசக் கணக்கா ஓட வேண்டியிருந்துச்சு. எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரான்னு ஒரு பிள்ளை, நம்ம எல்ல ஊரு பேரு மாதிரியே இருக்குன்னு எனக்கு மறக்கல, தெற்கு லண்டன்ல பெரிய ரோட்டுப் பக்கத்துல வீடு, கடுமையான ஆஸ்துமா, 2013ல 9 வயசுல போயிருச்சு. 2020 டிசம்பர்லதான் மரண விசாரணை அதிகாரி காத்து மாசும் அந்த சாவுக்கு ஒரு காரணம்னு எழுதுனாரு. ஏழு வருசத்துக்கு மேல. அண்ணன்கிட்ட இதையும் கேட்டுப் பாருங்க.

கேள்வி: சபையோட திட்டம் தோட்டத்துக்குள்ள வராது, அது கம்பனி காணின்னு சொல்றாங்க. அப்ப நாங்க எதுக்கு கருத்து சொல்லணும்?
- ஒரு தலைவர், மஸ்கெலியா பக்கம்

பதில்: தலைவரே, இது பழைய பதில், 2018க்கு முன்னாடி வரைக்கும் செல்லுபடியான பதில். 1987ஆம் வருச 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்து, அதக் காட்டியே தோட்டத்து ஆளுங்களுக்கு சபைக் காசுல வேல செய்ய முடியாதுன்னு வருசக்கணக்கா கைய விரிச்சாங்க. நாம ஓட்டுப் போடலாம், ஆளத் தெரிவு செய்யலாம், ஆனா குப்பை வண்டி லயத்துக்கு வராது! 2018ஆம் வருச 30ஆம் இலக்க திருத்தச் சட்டத்தால அந்தத் தடை போச்சு. அதனால திட்டத்துல உங்க தோட்டத்தோட பேரு இருக்கான்னு மொதல்ல பாருங்க, "நகர எல்லை"ன்னு மட்டும் போட்டிருந்தா அதத்தான் மாத்தச் சொல்லணும். டிவிசன் டிவிசனா பேரு போட்டு எழுதுங்க. டவுன்ல எரிக்கிறத நிப்பாட்டிட்டு அதே குப்பைய ஆத்தோரம் லயத்துக்கு பின்னால கொட்டி எரிச்சா அது காத்து திட்டமா, எடம் மாத்துற திட்டமா?

கேள்வி: நோட்டீஸ் சிங்களத்துல மட்டுந்தான் இருக்கு. தமிழ்ல எழுதலாமா?
- ஒரு வாசகி, அப்புத்தளை

பதில்: தாராளமா. தமிழும் அரசகரும மொழி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்ல பிரதேச செயலகப் பிரிவுகள இருமொழிப் பிரிவுன்னு வர்த்தமானில போட்டதும் 1999லயே நடந்துருச்சு. திட்டத்தோட தமிழ்க் கொப்பிய எழுத்துல கேளுங்க, அது கைக்கு வர்ற வரைக்கும் கடைசித் தேதிய தள்ளுங்கன்னும் அதே கடிதத்துல எழுதுங்க. ஒருக்கா நான் ஒரு ஒபிஸ்ல தமிழ்ல எழுதிக் கொண்டு போனேன், வாங்குனவரு திருப்பித் திருப்பி பாத்துட்டு "மிஸ், இத வாசிக்க ஆள் இல்ல"ன்னு சொன்னாரு, "ஆள் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்"னு பெஞ்சுல உக்காந்துட்டேன், மத்தியான சாப்பாட்டுக்குள்ள ஆள் கெடச்சுருச்சு.

கேள்வி: எங்க வீட்டு அடுப்புப் புகையும் இதுல சேருமா? அதப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்களே.
- ஒரு வாசகி, அக்கரப்பத்தனை

பதில்: சேரணும் அக்கா, அதத்தான் ஆம்பளைங்க போட்ட திட்டத்துல எப்பவும் மறந்துர்றாங்க. வீட்டுக்குள்ள எரிக்கிற அடுப்புப் புகையால உலகத்துல வருசத்துக்கு 30 லட்சம் அளவுல ஆளுங்க சாகுறதா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம லயத்துல ஒரே காம்பரா, சின்ன ஜன்னல், அதையும் குளிருக்கு சாத்தி வச்சிருப்போம், கூரைத் தகரத்துல கரி தொங்கும். 2022ல கேஸ் கெடைக்காம, கெடச்சாலும் 12.5 கிலோ சிலிண்டர் 5 ஆயிரத்துக்கு கிட்ட போனப்ப எத்தன வீடு திரும்ப விறகுக்கு போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. அதனால "வீட்டுல விறகு எரிக்காதீங்க"ன்னு ஒரு வரி திட்டத்துல இருந்தா அத எதிர்த்து எழுதுங்க. புகை போக்கி வச்ச அடுப்பு, கூரைக்கு மேல வரைக்கும் போற குழாய், புது வீடு கட்டுனா குசினி தனியா, இதக் கேளுங்க. குழாய் இல்லாம அடுப்ப மட்டும் கொடுத்தா வாங்காதீங்க, அது நாலு மாசத்துல கோழிக்கூடு ஆயிரும், நான் பாத்திருக்கேன்.

கேள்வி: நான் த்ரீவீல் ஓட்டுறேன். புகை டெஸ்ட் பாஸ் பண்ணிட்டேன், அப்புறம் ஏன் எங்களையே கொற சொல்றாங்க?
- ஒரு சாரதி, ஹட்டன்

பதில்: வருசா வருசம் வண்டிக்கு லைசன் எடுக்க அந்த சான்றிதழ் வேணும், அதுல நீங்க பாஸ்னா சரி. ஆனா டெஸ்டுக்கு முன்னால ட்யூன் பண்ணி, முடிஞ்சதும் திரும்ப பழைய மாதிரி மாத்துறவங்களும் உங்க பார்க்லயே இருக்காங்க, இல்லேன்னு சொல்லாதீங்க. சட்டம் போட்டா ஒண்ணும் மாறாதுன்னும் இல்ல, ஈயம் கலந்த பெற்றோல 2002ல நிப்பாட்டுனாங்க, அதுக்கப்புறம் டூ ஸ்ட்ரோக் த்ரீவீல் எறக்குமதியும் நின்னுச்சு, அந்த நீலப் புகை இப்ப எங்க? பஸ் ஸ்டேண்ட்ல எஞ்சின ஓட விட்டு நிக்கிற பெரிய வண்டிகளப் பத்தி உங்க சங்கம் எழுதலாமே, அந்தப் புகைய மொதல்ல குடிக்கிறது நீங்கதான்.

கேள்வி: கருத்து கொடுத்து ஆறு மாசம். ஒரு சத்தமும் இல்ல. அடுத்து என்ன?
- ஒரு வாசகர், கொட்டகலை

பதில்: 2016ஆம் வருச 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. எந்தெந்தக் கருத்து வந்துச்சு, எத ஏத்துக்கிட்டாங்க, எத விட்டாங்க, ஏன்னு அந்த நிறுவனத்தோட தகவல் அதிகாரிகிட்ட கேளுங்க. 14 வேல நாளுக்குள்ள கொடுக்கிறோமா இல்லையான்னு முடிவு சொல்லணும். எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னாலும் அதிகாரியே எழுதிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, பாட்டிமார்கிட்ட இத சொல்லுங்க. மொத பதில்ல சொன்ன அந்த சீல் குத்துன பிரதிய கையோட கொண்டு போங்க.

கேள்வி: மாஸ்க் போட்டா போதாதா அக்கா?
- 9ஆம் வகுப்பு மாணவன், நானுஓயா

பதில்: கொரோனா காலத்து துணி மாஸ்க் பிஎம் 2.5க்கு சல்லடை மாதிரி, என்95 ஒழுங்கா பொருந்துனா நல்லாவே தாங்கும், ஆனா அதப் போட்டுட்டு நீ எப்படிடா தம்பி கிரிக்கெட் வெளையாடுவ? 2022 டிசம்பர்ல மண்டூஸ் புயல் நேரம் இந்தியா பக்கமிருந்து தூசிக் காத்து வந்து பாடசாலைக்கு ஒரு நாள் லீவு விட்டாங்களே, அன்னைக்கு மாதிரி நாள்ல போடு. மத்த நாள்ல குப்பை எரிக்கிற எடத்த சுத்திப் போ, அப்படியே அந்த எடத்தோட பேர எழுதி உங்க அம்மாகிட்ட கொடு, கடிதத்துல சேக்கட்டும்.